பரவால்லீங்க என்று சொல்லியே போனவர்

எங்கள் வீதி நலச் சங்கத்தார் மலர் ஒன்று போடுகிறார்கள். "அக்கா, கொரோனா நாளைப் பத்தி நீங்கதான் எழுதோணும். நம்ம ஊரு எப்படி மீண்டு வந்துச்சு, தன்னார்வலருங்க என்னென்ன செஞ்சாங்க, படிக்கறவங்களுக்கு ஒரு உற்சாகம் வர்ற மாதிரி" என்று கேட்டார்கள். சரியென்று நோட்டு வாங்கி வைத்துப் பல நாள் ஆயிற்று. உரலுக்குள் தலையை விட்டவளைக் கூப்பிட்டு உலக்கையைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லு என்றால் அவள் என்ன சொல்லுவாள்? நடந்ததைச் சொல்லுகிறேன். உற்சாகம் வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் சரஸ்வதி. துடியலூரில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. மீதியெல்லாம் மாவு வாங்க வருகிறவர்களிடம் கற்றுக்கொண்டது. யார் வாயிலிருந்து ஒரு சொலவடை விழுந்தாலும் பொறுக்கி வைத்துக்கொள்வேன், அடுத்த ஆளுக்கு மாவோடு சேர்த்துக் கொடுத்துவிடுவேன். "மாவு ஒரு கிலோ, பேச்சு ரெண்டு கிலோ. கட்டுபடியாகாத யாவாரம்" என்பார் என் வீட்டுக்காரர்.

அவர் பெயர் சென்னியப்பன். லேத் பட்டறையில் டர்னர். இரும்பையும் பித்தளையையும் கடைந்து சாமான் செய்கிற வேலை. மைக்ரோமீட்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் சரி என்று சொல்லமாட்டார். முடி அளவு பிசகினாலும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி கடைவார். தன் உடம்புக்கு மட்டும் அவரிடம் ஒரே அளவுதான் இருந்தது. காய்ச்சலானாலும் சரி, காலில் இரும்பு விழுந்தாலும் சரி, "பரவால்ல" என்பார். வெளியாள் கேட்டால் "பரவால்லீங்க."

ரெண்டாவது அலை வந்தபோது தினமும் டிவியில் நம்ம ஊர்ப் பேர்தான் மொதல்ல வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் வரிசையாக நின்றது. பெட் இல்லாததால் பாதிப் பேரை வீட்டிலேயே தனியாக இருக்கச் சொல்லிவிட்டார்கள். அவர்களுக்குத் தினமும் போன் போட்டு விசாரிக்கத் தன்னார்வலர் வேண்டும் என்றபோது, சங்கத்தில் யாரோ "பேசறதுக்குன்னே பொறந்த பொம்பளை ஒருத்தி இருக்காங்க" என்று என்னைக் கை காட்டிவிட்டார்கள்.

ஒரு நாளைக்கு அறுபது பேர். பேர், வயசு, காய்ச்சல் உண்டா, மூச்சு வாங்குதா. கடைசியில் 'நலம்' என்று ஒரு கட்டம். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. வெறும் கையோடு உட்கார்ந்து டிவியைப் பார்த்துப் பயப்படுவதற்கு இது மேல். சர்ச்சிலிருந்து மத்தியானச் சோறு கட்டிக்கொண்டு போய்க் கதவில் மாட்டிவிட்டு வந்தார்கள். கோட்டைமேட்டில் பாத்திரக்கடை வைத்திருக்கிற ஜாபர் பாய், இன்னும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, சொந்தக்காரர்கள் தொடப் பயந்த சவங்களை எடுத்துப்போய் அவரவர் முறைப்படி அடக்கம் செய்தார். சாதி மதம் கேட்கவில்லை. என் பட்டியலில் யாராவது தவறிவிட்டால் அவருக்குப் போன் போடுவது நான்தான். "சொல்லுங்கக்கா, எந்த வீதி?" என்பார். அதற்கு மேல் கேட்கமாட்டார்.

அந்தப் போன் வேலையில் முதலில் ஒரு தப்பு செய்தேன். செய்தது தப்பு என்று மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது.

"ஏனுங்க, எப்படி இருக்கறீங்க?" என்று கேட்பேன். "நல்லாருக்கறனுங்க அம்மணி, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று பதில் வரும். 'நலம்' கட்டத்தில் டிக் போடுவேன். நம்ம பக்கத்து ஆட்களைத் தெரியாதா? காலை ஒடித்துக்கொண்டு கட்டிலில் கிடக்கிறவரைப் பார்க்கப் போனாலும், "பரவால்லீங்க, வாங்க, மொதல்ல காப்பித்தண்ணி குடிங்க" என்பார். கேட்டவர் மனம் நோகக் கூடாது என்று சொல்லுகிற வார்த்தை அது. நான் டிக் போட்ட ஒருவர் மறுநாள் விடியும்போது இல்லை.

எங்கள் போன் வேலையைக் கவனித்துக்கொண்ட டாக்டரம்மா அன்றைக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். "எப்படி இருக்கீங்கன்னு கேட்காதீங்கம்மா. ஒரே மூச்சில ஒண்ணுலேர்ந்து முப்பது வரைக்கும் சத்தமா எண்ணச் சொல்லுங்க. நல்ல நுரையீரல்னா எண்ணிடுவாங்க. பதினஞ்சு தாண்டலைன்னா உடனே எனக்குச் சொல்லுங்க. வாய் பொய் சொல்லும், மூச்சு சொல்லாது."

அதிலிருந்து அறுபது பேரும் எனக்கு எண்ணிக் காட்டினார்கள். ஒரு வாத்தியார் ஒற்றைப்படை எண்ணை மட்டும் எண்ணி ஏமாற்றப் பார்த்தார். "சார், பசங்க காப்பி அடிச்சா நீங்க உடுவீங்களா?" என்று கேட்டு, திரும்ப எண்ண வைத்து, ஆம்புலன்ஸ் அனுப்பினேன். அவர் பிழைத்துக்கொண்டார்.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழனிப் பானையில் விழுமாம் துள்ளி.

ஊரடங்கில் பட்டறைகளெல்லாம் சாத்திக் கிடந்தபோது அவருடைய பட்டறைக்கு மட்டும் அனுமதி கொடுத்திருந்தார்கள். ஆக்ஸிஜன் சிலிண்டரில் பொருத்துகிற பித்தளைச் சாமான் கடைகிற வேலை. "சம்பளத்துக்குச் செய்யற வேலையில்ல சரசு இது" என்று பொழுதுக்கும் அங்கேயே கிடந்தார். அங்கேதான் ஒட்டியிருக்க வேண்டும். முதலில் அவருக்குக் காய்ச்சல், மறுநாள் எனக்கு. மூக்கில் குச்சி விட்டு எடுத்த டெஸ்டில் ரெண்டு பேருக்குமே இருக்கிறது என்று வந்தது. வீதிக்கே சேர்த்து ஒரு ஆக்ஸிமீட்டர்தான் இருந்தது. துணி காயப்போடுகிற கிளிப் மாதிரி இருக்கும். விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டும். தொண்ணூற்று நாலுக்குக் கீழே போனால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவருக்கு மாட்டிப் பார்த்தால் ஒரு தடவை தொண்ணூத்தாறு, ஒரு தடவை கோடு கோடாக ஓடியது. முப்பது வருசம் இரும்பு பிடித்துக் காய்ப்பேறிய விரல். "என்ர வெரலை அதுக்குப் புடிக்கலயாட்டம் இருக்குது. அடுத்த ஊட்டுக்குக் கொடுத்துரு, பாவம், சின்னப் புள்ளைக இருக்கற ஊடு" என்றார். கொடுத்துவிட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அவரை எண்ணச் சொன்னேன். எண்ணினார். பதிமூணு, பதினாலு என்று வந்து நின்றுவிட்டார்.

"அப்பறம்?"

"அப்பறம் என்னன்னு மறந்துபோச்சு" என்று சிரித்தார். "அறுவது பேருக்கு வாத்தியாரம்மா, நீயே சொல்லு."

நானும் சிரித்துவிட்டேன். முப்பது வருசமாக எண்ணிக்கையில் பிழைத்த மனுசனுக்குப் பதினைந்து மறக்குமா என்று எனக்குத் தோன்றவில்லை. காய்ச்சல் எனக்கும் அடித்தது, தலை பாரமாக இருந்தது என்றெல்லாம் இப்போது காரணம் சொல்லலாம். ஊரான் எண்ணினால் உன்னிப்பாகக் கேட்டவள், புருசன் எண்ணியபோது விளையாட்டாக விட்டுவிட்டேன். அப்படி நாலு நாள் போயிற்று.

ஐந்தாம் நாள் எனக்குத்தான் மூச்சு முட்டியது. நான் சும்மா இருப்பேனா? சங்கத்துக்குப் போன், டாக்டரம்மாவுக்குப் போன், வெள்ளகோவிலில் கட்டிக்கொடுத்திருக்கிற என் மகள் கவிதாவுக்குப் போன். ஒரு மணி நேரத்தில் வண்டி வந்துவிட்டது. "நீங்களும் ஏறுங்கப்பா" என்று டிரைவர் கட்டாயப்படுத்தியதால் அவரும் ஏறினார்.

போகிற வழியில் ஸ்கேன் எடுத்தார்கள். அதில் நுரையீரலை ஐந்து பாகமாகப் பிரித்து, கெட்டுப்போன அளவுக்கு ஒவ்வொன்றுக்கும் மார்க் போடுவார்கள். மொத்தம் இருபத்தைந்து. பள்ளிக்கூடத்தில் மார்க் கூட வாங்கினால் சந்தோஷம், இந்தப் பரீட்சையில் கூட வாங்கினவன்தான் தோற்றவன். எனக்குப் பதினொன்று. அவருக்குப் பதினேழு. அந்தக் காகிதத்தை அவரிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கி மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அளவு தப்பா எடுத்திருப்பாங்க" என்றார்.

அரசு ஆஸ்பத்திரி வாசலில் கல்யாணப் பந்தல் மாதிரி ஒன்று போட்டு, அதற்குள் பிளாஸ்டிக் நாற்காலி வரிசையாகப் போட்டிருந்தார்கள். உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் இருமினார்கள், யாரும் பேசவில்லை. இவ்வளவு கூட்டத்தில் பேச்சே இல்லாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான். உடம்பு முழுக்க வெள்ளை உடுப்பு மாட்டிய டாக்டர் ஒருவர் வந்து, "ஆக்ஸிஜன் பெட் இப்ப ஒண்ணுதான் காலியாகியிருக்கு. உங்க ரெண்டு பேர்ல யாருக்கு ரொம்ப முடியலை?" என்று கேட்டார். அவர் விரலில் மெஷின் மறுபடியும் கோடு காட்டியது. எனக்கு எண்பத்தெட்டு.

"ஊட்டுக்காரியப் பாருங்க மொதல்ல. எனக்குப் பரவால்லீங்க சார்" என்றார். எழுந்து நின்றுகொண்டு சொன்னார். டாக்டரிடம் உட்கார்ந்துகொண்டு பேசக் கூடாதல்லவா?

என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். திரும்பிப் பார்த்தபோது கையை ஆட்டினார். அவருக்குப் பெட் கிடைக்கப் பொழுது சாய்ந்துவிட்டது என்று பிறகு தெரிந்தது. அதுவரைக்கும் அந்த நாற்காலியிலேயே இருந்திருக்கிறார். நடுவில் வந்த ஒரு பெரியம்மாவுக்கு எழுந்து இடமும் கொடுத்தாராம்.

பெண்கள் வார்டு மேல் மாடி, ஆண்கள் வார்டு கீழ் மாடி. ரெண்டுக்கும் நடுவே ஒரு படிக்கட்டு. அதில் இறங்க எனக்கு அனுமதி இல்லை, இறங்கத் தெம்பும் இல்லை. மூக்கையும் வாயையும் மூடி ஒரு மாஸ்க் போட்டார்கள். அதன் அடியில் ஒரு பை தொங்கும். அந்தப் பை உப்பியபடியே இருக்க வேண்டும், சப்பினால் காற்று போதவில்லை என்று அர்த்தம். காலையும் மாலையும் வயிற்றில் ஒரு ஊசி. ரத்தம் கட்டிப்போகாமல் இருக்க. அப்புறம் ஸ்டீராய்டு, அது நுரையீரல் வீக்கத்தை அமர்த்துகிற மருந்து, கூடவே சர்க்கரையை ஏற்றிவிடும். எல்லாவற்றுக்கும் மேலான வைத்தியம் குப்புறப் படுப்பது. முதுகுப் பக்கம் இருக்கிற நுரையீரலுக்குக் காற்றுப் போகுமாம். காசில்லாத வைத்தியம், ஆனால் லேசில்லை. கழுத்து இற்றுவிடும்.

ராத்திரிகளைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. விளக்கை அணைக்கமாட்டார்கள். எந்தப் படுக்கையில் மெஷின் கத்துகிறது என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்போம். காலையில் ஒரு படுக்கையில் புது விரிப்பு இருக்கும். யாரும் யாரையும் கேட்கமாட்டோம்.

எங்கள் வார்டுக்கும் கீழ் வார்டுக்கும் மாறி மாறி வருகிற நர்ஸ் ஒருத்தி இருந்தாள். உடுப்புக்குள் முகம் தெரியாததால் நெஞ்சில் ஸ்கெட்ச் பேனாவால் 'ஸ்டெல்லா' என்று எழுதியிருப்பாள். "ஸ்டெல்லா கண்ணு, கீழ என்ர ஊட்டுக்காரர் எப்படி இருக்கார்?" என்று கேட்பேன். "உங்களாட்டம் பேச மாட்டேங்கறாரும்மா. எதைக் கேட்டாலும் பரவால்லீங்கங்கறாரு" என்பாள்.

அதனால் நானே போன் போட்டேன். காலையில் எழுந்ததும் ஒன்று, மருந்து போட்டதும் ஒன்று, சோறு வந்ததும் ஒன்று. நாளைக்கு ஆறு தடவை, ஏழு தடவை. எனக்குப் பேசினால்தான் உயிர். பக்கத்துப் படுக்கைக்காரி குறட்டை விடுவதிலிருந்து உப்புமாவில் உப்பில்லாதது வரைக்கும் சொல்லுவேன். அவர் "ம்", "ம்" என்பார். நடுவில் பெருமூச்சாக ஒரு சத்தம் வரும்.

"சாப்ட்டீங்களா?"

"ஆச்சு."

"குப்புறப் படுக்கறீங்களா?"

"அட, அந்தப் பொம்பளைப் புள்ளைக வந்து போற எடத்துல எப்படிப் புள்ள பின்னால காட்டிட்டுக் குப்புறக் கெடக்கறது? அவுங்க போனதும் படுக்கறேன்."

நான் சிரித்தேன். மறுபடியும் சிரித்தேன், பாருங்கள்.

ஐந்தாம் நாள் ஸ்டெல்லா என் கட்டில் பக்கத்தில் வந்து குனிந்தாள். கண்ணாடிக்குள்ளே அவள் கண் சிவந்திருந்தது. தூக்கமில்லாமல் எல்லோருக்குமே அப்படித்தான் இருந்தது.

"அம்மா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ஐயாவுக்கு நீங்க போன் பண்ண வேண்டாம்."

"ஏன் கண்ணு?"

"பேசறதுக்கு மாஸ்க்கைக் கழட்டிடறாரும்மா. நீங்க பேசி முடிக்கற வரைக்கும் கழட்டித்தான் வெச்சிருக்காரு. முடிச்சதும் பாத்தா எழுபத்தஞ்சுக்கு வந்துருது. மறுபடி ஏத்தறதுக்குள்ள எங்களுக்கு உசுரு போவுது. டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தாலும் அப்படித்தான். எழுந்து உக்காந்து, மாஸ்க்கைக் கழட்டிக் கையில புடிச்சுக்கிட்டு, 'பரவால்லீங்க சார்'ங்கறாரு. எத்தனை தடவை சொல்லியும் கேக்க மாட்டேங்கறாரு."

எனக்குப் புரிந்துவிட்டது. பெரிய மனுசர் எதிரே வந்தால் தோளில் கிடக்கிற துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொள்கிற கை அது. மூஞ்சியை மூடிக்கொண்டு டாக்டருக்குப் பதில் சொல்வது மரியாதையா? பொண்டாட்டி பேசும்போது வாயை மூடிக்கொண்டு இருந்தால் அவள் கவலைப்படமாட்டாளா? அந்தப் பெருமூச்சுச் சத்தம் அவர் காற்றைத் தேடிய சத்தம். அதன் மேலேதான் நான் உப்புமாவுக்கு உப்பில்லாத கதையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். நாளைக்கு ஏழு தடவை, ஐந்து நாள்.

ஒரு மருந்துச் சீட்டின் பின்னால் எழுதினேன். "இனிப் போன் போட மாட்டேன். நீங்களும் போடக் கூடாது. யார் வந்தாலும் வாயைத் தெறக்கக் கூடாது. மூஞ்சியில இருக்கறதக் கழட்டுனீங்கன்னு தெரிஞ்சா எந்திரிச்சு வந்து உதைப்பேன். வெக்கப்படாமக் குப்புறப் படுங்க. சரசு." ஸ்டெல்லா அதைக் கொண்டுபோய்க் காட்டினாள். அதே சீட்டில் பதில் வந்தது. எழுத்தெல்லாம் கோணிக்கொண்டு இருந்தது. "சரி. நல்லாருக்கறேன்."

அதற்குப் பிறகு ரெண்டு நாள் நான் பேசவில்லை. போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு அதன் மேலேயே படுத்துக்கொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் ரெண்டு நாள் இருந்ததில்லை. சண்டை போட்டாலும் பேசித்தான் சண்டை போடுவேன். எனக்குள்ளே கணக்குப் போட்டுக்கொண்டேன். இன்றைக்கு ஏழு தடவை மாஸ்க் கழற்றியிருக்கமாட்டார், ஏழு தடவையும் காற்று உள்ளே போயிருக்கும். என் பை உப்பிக்கொண்டே வந்தது. தொண்ணூறு, தொண்ணூற்று ரெண்டு, தொண்ணூற்று நாலு. "நீங்க சீக்கிரம் ஊட்டுக்குப் போயிருவீங்கம்மா" என்றாள் ஸ்டெல்லா. கீழே என்ன என்று கேட்டேன். "பேசாமத்தான் இருக்காரு" என்றாள்.

மூன்றாம் நாள் காலை, பால் கொடுத்து முடித்த நேரம். ஸ்டெல்லாவும் ஒரு டாக்டரும் சேர்ந்து வந்தார்கள். ரெண்டு பேர் சேர்ந்து வந்தால் என்ன என்று வார்டில் எல்லோருக்கும் தெரியும். பக்கத்துப் படுக்கைக்காரி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவர் குப்புறப் படுத்திருந்தாராம். மாஸ்க்கைக் கழற்றவில்லையாம். நான் சொன்னதையெல்லாம் கேட்டு அப்படியே செய்திருக்கிறார். நாலு நாள் முன்னாலே செய்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்று டாக்டர் சொல்லவில்லை. நான் கேட்டேன். "அப்படிச் சொல்ல முடியாதும்மா" என்றார். அவரும் நம்ம பக்கத்து ஆள்தான் போலிருக்கிறது.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். மாவோடு சேர்த்து எத்தனையோ பேருக்கு அந்தச் சொலவடையைக் கொடுத்திருக்கிறேன். மூச்சு முட்டுது, மூச்சு முட்டுது என்று ஊரைக் கூட்டின நான் பிழைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அதை யாருக்கும் சொல்லுவதில்லை.

வெள்ளகோவிலில் கவிதா வீட்டில் அவளுக்கும் அவள் மாமியாருக்கும் காய்ச்சல். வீட்டு வாசலில் தகரம் அடித்துவிட்டார்கள். "அம்மா, நான் எப்படியாச்சும் வாரேன்மா, செவுரேறிக் குதிச்சாச்சும் வாரேன்" என்று போனில் கத்தினாள். "வேண்டாஞ் சாமி, நீ வந்தீன்னா உன்ர மாமியாருக்கு யாரு கஞ்சி வெக்கறது?" என்றேன். பேசினது நான்தான், ஆனால் எங்கிருந்து பேசினேன் என்று தெரியவில்லை.

அப்புறம் எத்தனையோ பேருக்காகப் போட்ட நம்பருக்குப் போட்டேன்.

"சொல்லுங்கக்கா, எந்த வீதி?"

"என்ர ஊடுதான் பாய்."

"வாரேன்க்கா" என்றார் ஜாபர் பாய்.

ரெண்டு மணி நேரம் கழித்து மின்மயானத்திலிருந்து கூப்பிட்டார். "அக்கா, அண்ணனைக் கொண்டாந்துட்டோம். உங்க மொறைப்படி என்ன செய்யோணும்னு ஒண்ணொண்ணாச் சொல்லுங்க. நான் செய்யறேன். அவசரமில்லீங்க, நமக்கு முன்னால ஆறு பேர் இருக்காங்க."

மாஸ்க்கை நானும் கழற்றிவிட்டுத்தான் பேசினேன். ஸ்டெல்லா தடுக்கவில்லை.

"வாய்க்கரிசி போடோணும் பாய்."

"அரிசி வாங்கிட்டுத்தான் வந்திருக்கறேன். ஆனா கட்டியிருக்கறதப் பிரிக்கக் கூடாதுங்கக்கா. மொகம் தெரியாது. வாய் இருக்கற பக்கமாப் பாத்து மேலயே போடட்டுங்களா?"

"போடுங்க. மூணு கை."

"என்ன சொல்லிப் போடறதுங்க?"

என்ன சொல்லிப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. யார் வீட்டுக்கு எழவுக்குப் போனாலும் முன்னால் நின்று முறை சொல்லுகிறவள் நான்.

"சரசு போடச் சொன்னாள்னு சொல்லுங்க பாய்."

போனைக் கீழே வைக்காமலே போட்டார். "அண்ணா, சரசக்கா போடச் சொன்னாங்க." அரிசி பிளாஸ்டிக் மேல் விழுகிற சத்தம் கேட்டது. "அண்ணா, சரசக்கா போடச் சொன்னாங்க." மூன்றாவது தடவையும் சொல்லிப் போட்டார். பக்கத்தில் யாரோ, "பாய், நகருங்க, அடுத்தது வருது" என்று சொன்னது கேட்டது.

நாலு நாள் கழித்து என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வாரம்தான் ஊரில் எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது. நான் படுத்திருந்த வார்டிலேயே மூன்று படுக்கை ஆளில்லாமல் கிடந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தேன். எண்ணிக்கை இறங்கியதைப் பத்திரிகையில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். வீதிகளில் அடித்த தகரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி வாசல் பந்தலையும் பிரித்துவிட்டார்களாம். ஊர் நல்லபடியாக ஆகிக்கொண்டு வந்தது, அதை நான் மறுக்கவில்லை. சோறு கொடுத்தவர்கள், சவம் எடுத்தவர்கள், போன் போட்டவர்கள், தூங்காமல் கிடந்த ஸ்டெல்லா மாதிரிப் பிள்ளைகள், எல்லோரும் சேர்ந்து இழுத்த தேர் அது. தேர் நிலைக்கு வந்துவிட்டது. சக்கரத்தில் அகப்பட்டவன் வீட்டுக்காரி தேர் வந்த அழகைப் பற்றி எப்படிப் பேசுவாள்?

பாராட்டு விழா வைத்து எனக்கும் சால்வை போட்டார்கள். போய் வாங்கிக்கொண்டேன். மேடையில் பேசச் சொன்னார்கள். "எல்லாரும் நல்லா இருக்கோணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். அக்காவுக்குப் பேச்சு போய்விட்டது என்று வீதியில் பேசிக்கொண்டார்கள்.

ஆடி பிறந்தபோது டாக்டரம்மா கூப்பிட்டார். "இப்ப பட்டியல்ல ஒன்பது பேர்தாம்மா இருக்காங்க. நீங்க செய்ய வேண்டாம், வேற ஆள் பாத்துக்கறேன். சும்மா சொல்லலாம்னு கூப்பிட்டேன்" என்றார். கொடுங்கள் என்றேன். நல்ல மனசில் கேட்டேன் என்று நினைக்காதீர்கள். வீட்டில் பேச ஆளில்லை, அவ்வளவுதான்.

நாலாவது பேர் சரவணம்பட்டியில் தையற்கடை வைத்திருக்கிற ஒருவர்.

"எண்ணுங்க" என்றேன்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க அம்மணி, நல்லாத்தானுங்க இருக்கறேன்."

"அதை நான் கேக்கல. எண்ணுங்க."

ஒன்பதில் நின்றார். "அட, போன்ல சரியாக் கேக்கலீங்களா?" என்று சிரித்தார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. "உன்ர மரியாதையைத் தூக்கி அடுப்புல போடு" என்று முகம் தெரியாத மனுசனை ஒருமையில் கத்திவிட்டேன். "பொண்டாட்டிகிட்டக் கொடு போனை!" அந்த அம்மாவிடம் சொன்னேன்: வண்டி வருகிறது, ஏற மாட்டேன் என்றால் கட்டித் தூக்கிப் போடுங்கள், ஆஸ்பத்திரியில் யார் வந்து பேசினாலும் மாஸ்க்கைக் கழற்றினால் கையில் அடியுங்கள்.

அவர் பிழைத்துக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து ஒரு நாள் காலையில் வாசலில் குரல் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு அம்மா கையில் வாழைப்பழச் சீப்போடு நின்றார். பக்கத்தில் ஒரு மனுசர். ஒல்லியாக, சட்டை தொளதொளவென்று. "ஏனுங்க அம்மணி, நாங்க சரவணம்பட்டிக்காரங்க, உங்களைப் பாத்துப்போட்டுப் போலாம்னு வந்தமுங்க" என்றார் அந்த அம்மா.

வீடு தேடி வந்தவர்களை "வாங்க" என்று சொல்ல வாய் வரவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டேன். அந்த ரெண்டு பேரும் சேர்ந்து நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை. நான் கத்திப் பிழைக்க வைத்த மனுசன்தான். ஆனாலும், அந்தக் கத்தலை என் வீட்டுக்காரரிடம் கத்தியிருக்கலாமே என்று ஒன்றே ஒன்றுதான் மனசில் ஓடியது. அவர்கள் போய்விட்டால் போதும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஆளில்லீங்களாட்டம் இருக்குது, பழத்தைப் படியில வெச்சுப்போட்டுப் போலாம்" என்றார் அந்த அம்மா.

அப்போது அந்த மனுசர் குரல் கேட்டது. "இரு புள்ள. பஸ் ஸ்டாப்புலேர்ந்து நடந்தது எனக்குத் தாங்கல. மூச்சு வாங்குது. கொஞ்சம் உக்காந்துக்கறேன்."

கதவைத் திறந்தேன். நாற்காலியை எடுத்துப் போட்டேன். "உக்காருங்க, தண்ணி கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய், சொம்பை வைத்துக் குழாயைத் திறந்தேன். சொம்பு நிறைந்து வழிந்து போய்க்கொண்டிருந்தது. என் சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாதே என்று குழாயை இன்னும் கொஞ்சம் திறந்து விட்டேன்.